குழந்தையின் பாதம் உள்நோக்கி வளைந்திருந்தால்: முதல் மாவுக்கட்டு முதல் கடைசி இரவுக் காலணி வரை

என் மகனைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்த செவிலியர், "கால் மட்டும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, டாக்டர் வந்து பார்ப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். துணியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கால்களும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. குதிகால்கள் மேலே ஏறியிருந்தன. ஒவ்வொரு பாதத்தின் நடுவிலும் ஆழமான ஒரு மடிப்பு ஓடியது. அன்று தொடங்கிய சிகிச்சை அவனது ஐந்தாவது வயதில்தான் நிறைவடைந்தது. இடையில் நாங்கள் செய்த சில தவறுகளால் அவன் தேவையில்லாமல் மீண்டும் மாவுக்கட்டுக்குள் போக நேர்ந்தது. அந்தத் தவறுகள் எவை, அவற்றை எந்தக் கட்டத்தில் எப்படித் தவிர்ப்பது என்பதைப் புதிதாக இந்த வழியில் வரும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

கிளப்ஃபுட் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த வளைபாதம், ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒருவருக்குப் பிறவியிலேயே இருக்கிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இரண்டு மடங்கு அதிகம். பாதிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரண்டு பாதங்களிலும் இருக்கும். பச்சிளம் குழந்தைக்கு இதனால் வலி இல்லை. ஆனால் சிகிச்சையின்றி விட்டால், குழந்தை பாதத்தின் வெளிவிளிம்பிலோ மேற்புறத்திலோ ஊன்றி நடக்கும்; அங்கே தோல் தடித்துப் புண்ணாகும்; வளர வளர வலியும் முடமும் நிலைத்துவிடும். உரிய காலத்தில் முறையாகச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், விளையாடுகிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாதத்தை நேராக்குவது இரண்டு, இரண்டரை மாத வேலை. நேரான பாதத்தை நேராகவே வைத்திருப்பது நான்கைந்து ஆண்டு வேலை. உறவினர்கள் கேட்பதும் மற்றவர்கள் ஆறுதல் சொல்வதும் முதல் வேலையைப் பற்றித்தான். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சறுக்கல் நேர்வதோ இரண்டாவதில்.

1. கர்ப்பத்திலேயே தெரியவந்தால்

ஐந்தாம் மாத ஸ்கேனில், அதாவது 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேனில், வளைபாதம் பல நேரங்களில் தெரிந்துவிடும். தெரிந்ததும் செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, குழந்தையின் முதுகெலும்பு, மூளை, இதயம், மற்ற மூட்டுகள் ஆகியவற்றை விரிவாகப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஏனெனில் பெரும்பாலான குழந்தைகளுக்கு வளைபாதம் தனியாகவே வந்தாலும், சிலருக்கு முதுகெலும்புப் பிளவு போன்ற வேறு குறைகளோடு சேர்ந்து வருவதுண்டு, அப்போது சிகிச்சையின் போக்கு மாறும். இரண்டாவது, பிரசவத்துக்கு முன்பே சிகிச்சை தரும் மருத்துவரைத் தேடிச் சந்தித்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பின் அதற்கு நேரமும் தெம்பும் இருக்காது. ஸ்கேனில் வளைபாதம் போலத் தெரிந்து, பிறந்தபின் பாதம் சரியாக இருந்த குழந்தைகளும் உண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வராமலே தடுக்க முடியுமா என்று பலரும் கேட்கிறார்கள். தனியாக வரும் வளைபாதத்துக்கு உறுதியான காரணம் கண்டறியப்படவில்லை. பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆகவே உறுதியான தடுப்பு முறை எதுவும் இல்லை. அபாயத்தைக் குறைக்கும் செயல்கள் சில உள்ளன. கர்ப்ப காலத்தில் புகைபிடிப்பது வளைபாதத்துக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. குடும்பத்தில் யாருக்கேனும் வளைபாதம் இருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் கூடும். எனவே கர்ப்பிணி புகைபிடிக்காமலும், அவர் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் புகைக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே தொடங்கி, நாளுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் முதல் 12 வாரங்கள் வரை எடுப்பது முதுகெலும்புப் பிளவைப் பெருமளவு தடுக்கிறது. அதனோடு சேர்ந்து வரும் வளைபாதத்தையும் அந்த வழியில் தவிர்க்கலாம். பனிக்குட நீரை எடுத்துச் செய்யும் சோதனையை மிக முன்கூட்டியே, 11, 12 வாரங்களில் செய்வது வளைபாத வாய்ப்பைக் கூட்டுவதாகத் தெரிந்ததால், இப்போது 15 வாரங்களுக்குப் பிறகே அதைச் செய்கிறார்கள். பெற்றோருக்கோ மூத்த குழந்தைக்கோ வளைபாதம் இருந்தால், அடுத்த கர்ப்பத்தில் முதல் சந்திப்பிலேயே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தாய் உட்கார்ந்த விதம், படுத்த விதம், தூக்கிய சுமை ஆகியவற்றால் இது வருவதில்லை. உங்கள் வீட்டில் யாராவது தாயைக் குறை சொன்னால், இந்த ஒரு வரியை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள்.

2. பிறந்த முதல் வாரத்தில் பெயரைக் கேட்டு வாங்குங்கள்

"கொஞ்சம் திரும்பியிருக்கிறது" என்பது நோயறிதல் ஆகாது. கருப்பையில் இடம் போதாமல் திரும்பியிருக்கும் பாதத்தைக் கையால் மெல்லப் பிடித்தாலே நேரான நிலைக்கு வந்துவிடும். சில வாரங்களில் அது தானாகவே சீராகும். உண்மையான வளைபாதம் விறைப்பாக இருக்கும், முழுமையாக நேருக்கு வராது. நான்கு மாற்றங்கள் அதில் ஒன்றாக இருக்கும்: உள்ளங்கால் வளைவு ஆழமாக இருக்கும், பாதத்தின் முன்பகுதி உள்நோக்கித் திரும்பும், குதிகால் உட்பக்கம் சாயும், கணுக்கால் கீழ்நோக்கி மடிந்து விரல்நுனி தரையைப் பார்க்கும். இரண்டில் எது என்பதை மருத்துவர்தான் கைவைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதை, எந்தப் பாதம் என்ற விவரத்தோடு, வீட்டுக்கு அனுப்பும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். அதே சந்திப்பில் குழந்தையின் இடுப்பு மூட்டுகளையும் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டத்தில் காத்திருக்கும் பொறி, "ஒரு வயது ஆகட்டும், உருவிவிட்டால் சரியாகிவிடும்" என்ற அறிவுரை. எங்களுக்கும் அது கிடைத்தது; சொன்னவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். உருவிவிடுவதால் மட்டும் உண்மையான வளைபாதம் சரியாவதில்லை. பிறந்த ஓரிரு வாரங்களில் தொடங்குவது நல்லது, ஏனெனில் அப்போது தசைநாண்களும் மூட்டுகளும் மிக எளிதில் நெகிழும். அதற்காக இரவோடு இரவாக ஓட வேண்டிய அவசரமும் இல்லை. குறைமாதக் குழந்தையாகவோ வேறு உடல்நலக் குறையோடோ இருந்தால் முதலில் அதைக் கவனித்துவிட்டுத் தொடங்கலாம். தாமதமாகத் தெரிந்துகொண்டவர்களும் மனம் தளர வேண்டாம். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கும் இதே முறை பயன்படுகிறது, கட்டுகளின் எண்ணிக்கை மட்டும் கூடக்கூடும்.

3. யாரிடம் போவது, என்ன கேட்பது

உலகெங்கும் இன்று பின்பற்றப்படுவது பொன்செட்டி முறை. வாரம் ஒருமுறை பாதத்தை மென்மையாக நகர்த்தி மாவுக்கட்டு, பிறகு குதிகாலில் ஒரு சிறு வெட்டு, பிறகு பிரேஸ் காலணி, அதாவது பாதம் மீண்டும் வளையாமல் பிடித்துவைக்க ஒரு குறுக்குப் பட்டையால் இணைத்த இரண்டு காலணிகள், என்பது அதன் வரிசை. எல்லா எலும்பு மருத்துவர்களும் இதில் பழகியவர்கள் அல்லர். ஆகவே குழந்தைகள் எலும்பியல் மருத்துவரையோ வளைபாதத்துக்கெனத் தனி நாள் ஒதுக்கும் மருத்துவமனையையோ தேடுங்கள். பல நாடுகளில் அரசு மருத்துவமனைகளிலேயே தொண்டு நிறுவனங்களின் துணையோடு இந்தச் சிகிச்சை இலவசமாக நடக்கிறது. மிராக்கிள்ஃபீட் அப்படிப்பட்ட நிறுவனங்களில் ஒன்று.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை: பொன்செட்டி முறையில்தான் செய்கிறீர்களா? கட்டு எதுவரை வரும்? குதிகால் வெட்டை யார், எங்கே செய்வார்? காலணி எங்கே கிடைக்கும்? எத்தனை வயது வரை தொடர்ந்து பார்ப்பீர்கள்?

கட்டைப் பற்றிய கேள்விக்கான விடை முக்கியமானது. விரல் தொடங்கித் தொடையின் மேற்பகுதி வரை, முழங்காலை 90 பாகை மடக்கிப் போடுவதுதான் இந்த முறையின் கட்டு. முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும் கட்டு எளிதில் நழுவும். முழங்காலுக்குக் கீழுள்ள கால் எலும்பு தானே சுழன்றுவிடும் என்பதால் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பியும் பிடிக்காது. அதைப் போலவே, மாவுக்கட்டை முயலாமலே பெரிய அறுவைச் சிகிச்சையை முதல் வழியாக யாராவது முன்வைத்தால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். மூட்டுகளைத் திறந்து செய்யும் அந்த அறுவையால் பாதம் அன்றைக்கு நேராகத் தெரிந்தாலும், வளர்ந்த பிறகு விறைப்பும் வலியும் வருவது அதிகம்.

4. ஒரு கோப்பு, ஒரு நாட்காட்டி

எங்கள் கோப்பு முதல் மாதத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. ஐந்தாம் ஆண்டில் தடித்த ஒரு கட்டு. அதில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்று, பிரசவ மருத்துவமனை அறிக்கை, ஸ்கேன் அறிக்கைகள், தடுப்பூசி அட்டை, ஒவ்வொரு வாரக் கட்டின் தேதி, குதிகால் வெட்டு நடந்த தேதி, காலணியின் அளவு, காலணியில் இரண்டு பாதங்களும் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும் கோணம், குறுக்குப் பட்டையின் நீளம்.

இவற்றோடு பிரானி மதிப்பெண்ணையும் ஒவ்வொரு முறையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதத்தின் ஆறு அறிகுறிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 0, 0.5, 1 என மதிப்பிட்டு மொத்தம் 6-க்குக் கணக்கிடுவார்கள். எண் குறையக் குறையப் பாதம் சீராகிறது என்று பொருள். மூன்றாம் கட்டிலும் எண் இறங்கவில்லை என்றால் காரணம் கேட்க உங்களுக்கு அது ஒரு பிடி. ஊர் மாறும்போதும் மருத்துவர் மாறும்போதும் இந்த எண்கள்தான் குழந்தைக்காகப் பேசும். கட்டுப் பிரித்ததும் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து வைப்பதும் உதவும்.

காப்பீடு வைத்திருப்பவர்கள் இரண்டு செய்திகளை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பிறவிக் குறைகளுக்கு அந்தத் திட்டம் பணம் தருமா? காலணி சிகிச்சைச் செலவில் சேருமா, அல்லது தனி உபகரணமாகக் கருதப்படுமா? உபகரணம் என்றால் பெரும்பாலும் மருத்துவரின் தனிக் கடிதம் கேட்பார்கள். அதில் நோயின் பெயரும், எத்தனை ஆண்டு அணிய வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். புதிதாகப் பிறந்த குழந்தையைத் திட்டத்தில் சேர்ப்பதற்கு நாள் வரம்பு உண்டா என்பதையும் பிறந்த வாரத்திலேயே பாருங்கள். வேலைக்குப் போகும் பெற்றோர், வாரந்தோறும் வர வேண்டிய தேதிகளைக் குறிப்பிட்ட சான்றிதழ் ஒன்றை முதல் நாளிலேயே வாங்கி அலுவலகத்தில் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு வாரமும் விடுப்புக்காக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

5. செலவை ஒரே தொகையாகக் கேட்காதீர்கள்

"மொத்தம் எவ்வளவு ஆகும்" என்று கேட்டால் பெரும்பாலும் மாவுக்கட்டின் கணக்கைத்தான் சொல்வார்கள். கட்டு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, குதிகால் வெட்டைப் புறநோயாளிப் பிரிவிலேயே மரத்துப்போகும் மருந்து கொடுத்துச் செய்வார்களா அல்லது அறுவை அரங்கில் மயக்க மருந்தோடு செய்வார்களா, காலணி எவ்வளவு, மறு சந்திப்புக் கட்டணம் உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். அரங்கும் மயக்க மருந்தும் சேர்ந்தால் தொகை பல மடங்காகும். சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும் இடத்திலும் வாராவாரப் பயணமும், அந்த நாளில் இழக்கும் கூலியும் உங்கள் செலவுதான். பல குடும்பங்கள் நடுவில் நின்றுபோவது இந்தச் செலவினால்தான். ஆகவே அதை முதலிலேயே எடுத்து வையுங்கள். காலணியும் ஒருமுறை வாங்கும் பொருள் அல்ல. முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை அடுத்த அளவு தேவைப்படும். பிறகு இடைவெளி கூடும். நீளத்தை மாற்றக்கூடிய பட்டை என்றால் அது நீண்ட நாள் வரும்.

6. மாவுக்கட்டு வாரங்கள்

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து முதல் ஏழு கட்டுகள் போதும். ஐந்து நாள் முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். முதல் கட்டைப் பிரித்த பிறகு பாதம் முன்பைவிட அதிகமாக உள்ளே திரும்பியது போலத் தோன்றலாம். நான் அன்று கலங்கிப்போனேன். உள்ளங்கால் வளைவைச் சரிசெய்ய முன்பாதத்தை அப்படித்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். அடுத்தடுத்த கட்டுகளில் பாதம் படிப்படியாக வெளிப்பக்கம் திரும்பும். கடைசியில் 60, 70 பாகை வரை வெளியே திரும்பி நிற்கும். அதைப் பார்த்தும் அஞ்ச வேண்டாம், அது வேண்டுமென்றே செய்வது.

கட்டுப் போடும் நாளில் குழந்தையைக் கொஞ்சம் பசியோடு கொண்டுபோய், பாதத்தைப் பிடிக்கும் நேரத்தில் பால் கொடுங்கள். பால் குடிக்கும் குழந்தை காலை உதறாது. மருத்துவரால் சரியான நிலையில் பிடிக்க முடியும். மாவு இறுகும்போது சூடாக இருப்பது இயல்பு.

கட்டுப் போட்டு முடிந்ததும் அங்கேயே பத்து விரல்களையும் பாருங்கள். ஒவ்வொரு விரலையும் லேசாக அழுத்திவிட்டால் வெளுத்து, இரண்டு மூன்று வினாடிகளில் மீண்டும் சிவக்க வேண்டும். முதல் நாள் முழுவதும் சில மணி நேரத்துக்கு ஒருமுறையும், பிறகு நாளுக்கு நான்கு முறையும் இப்படிப் பாருங்கள். விரல்கள் நீலமாகவோ வெளுத்தோ சில்லென்றோ இருந்தால், வீங்கினால், குழந்தை காரணமின்றி விடாமல் அழுதால், கட்டிலிருந்து துர்நாற்றம் வந்தால், காய்ச்சல் அடித்தால், அன்றே போக வேண்டும். அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது.

விரல்கள் கட்டுக்குள்ளே மறையத் தொடங்கினால் கட்டு நழுவிவிட்டது என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: கட்டுப் போட்ட அன்று, விரல்கள் எதுவரை வெளியே தெரிகின்றன என்பதைப் படம் எடுத்து வையுங்கள். நழுவிய கட்டு பாதத்தைத் தவறான இடத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். அதை விட்டுவைப்பது கட்டே இல்லாமல் இருப்பதைவிடக் கெடுதல்.

கட்டு நனையக் கூடாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தால் போதும். டயப்பரைச் சிறியதாகத் தேர்ந்து, கட்டின் மேல்விளிம்பு டயப்பருக்கு வெளியே இருக்கும்படி போட்டு, அடிக்கடி மாற்றுங்கள். அரிக்கிறதோ என்று எண்ணி எதையும் உள்ளே நுழைக்காதீர்கள். தடுப்பூசி தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பச்சிளம் குழந்தைகளுக்குத் தொடையில்தான் ஊசி போடுவார்கள், இரண்டு தொடைகளிலும் கட்டு இருந்தால் அங்கே போய்த் திகைக்க நேரும். இரண்டு தேதிகளையும் முன்பே ஒப்பிட்டு, எந்த நாளில் எந்த இடத்தில் போடலாம் என்று மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். கட்டைக் காரணம் காட்டித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி எங்கள் முதல் தவறு. ஒரு வாரம் முழுவதும் குழந்தையைக் குளிப்பாட்ட முடியவில்லையே என்று, இரண்டாம் கட்டை மறுநாள் மாற்ற வேண்டிய நிலையில் முந்தின இரவே வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துவிட்டோம். கட்டிலிருந்து வந்த கால்கள் மெலிந்து, தோல் உரிந்து, மிக மென்மையாக இருந்தன. அவற்றை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தோம். காலையில் மருத்துவர் பாதத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ராத்திரி கழற்றிவிட்டீர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பன்னிரண்டு மணி நேரத்தில் அந்த வாரத்து முன்னேற்றத்தில் ஒரு பகுதி போய்விட்டிருந்தது. எங்களுக்கு ஒரு கட்டு கூடுதலாகத் தேவைப்பட்டது. மருத்துவமனையில், புதுக் கட்டுப் போடுவதற்குச் சற்று முன்புதான் பழைய கட்டைப் பிரிக்க வேண்டும். குளிப்பாட்ட விரும்பினால் அங்கேயே சில நிமிடம் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

7. குதிகாலில் சிறு வெட்டு

பாதம் வெளிப்பக்கம் திரும்பிய பின்னும் பெரும்பாலான குழந்தைகளுக்கு, பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு, கணுக்கால் மேல்நோக்கி மடங்காது. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் இறுக்கமாக இருப்பதே காரணம். அதைச் சிறு கத்தியால் தோல் வழியாக வெட்டிவிடுவார்கள். சில நிமிடங்களில் முடியும், தையல் தேவைப்படாது. "நரம்பை வெட்டுகிறார்கள்" என்று கேள்விப்பட்டு, அதற்கு அஞ்சியே இந்தக் கட்டத்தில் சிகிச்சையை நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். வெட்டப்படுவது நரம்பு அல்ல, தசையை எலும்போடு இணைக்கும் நார். அது மூன்று வாரங்களில் நீளமாக மீண்டும் வளர்ந்து இணைந்துகொள்ளும்; அதற்காகத்தான் கடைசிக் கட்டு மூன்று வாரம் இருக்கிறது. இதைத் தவிர்த்துவிட்டுக் கணுக்காலை அழுத்தி மடக்கினால் பாதத்தின் நடுப்பகுதி உடைந்தது போல வளைந்துவிடும்.

மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணி நேரம் பால் கொடுக்கக் கூடாது என்பதை முந்தின நாளே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெட்டுக்குப் பின் குதிகால் பக்கம் கட்டில் சிறு இரத்தக்கறை தெரியலாம். அதைச் சுற்றிப் பேனாவால் வட்டமிட்டு மணியைக் குறித்து வையுங்கள். கறை வட்டத்தைத் தாண்டி விரிந்துகொண்டே போனால் உடனே அழையுங்கள்.

8. கடைசிக் கட்டைப் பிரிக்கும் முன்பே காலணி கையில் இருக்கட்டும்

இந்தத் தலைப்பை நீங்கள் தனியாக எழுதி ஒட்டிவைத்தாலும் தகும். வெட்டு நடந்த அன்றே காலணிக்கு அளவு கொடுத்து முன்பதிவு செய்துவிடுங்கள். மூன்று வாரம் அதற்குத்தான். எங்களுக்குக் காலணி தருவதாகச் சொன்ன இடத்தில் அளவு தீர்ந்துவிட்டது, கட்டைப் பிரித்த பிறகு பதினோரு நாள் ஆயிற்று. அதற்குள் இடது குதிகால் மேலேற ஆரம்பித்து, மீண்டும் ஒரு கட்டுப் போட்ட பின்புதான் காலணி ஏறியது. காலணி வர நாளாகும் என்று தெரிந்தால், கட்டைப் பிரிக்காமல் வையுங்கள் அல்லது புதிய கட்டுப் போடுங்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெறுங்காலோடு வீட்டுக்குப் போகச் சம்மதிக்காதீர்கள்.

காலணி வந்ததும் அளவுகளைச் சரிபாருங்கள். வளைபாதம் 60 முதல் 70 பாகை வெளியே திரும்பியிருக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் குறை என்றால் நல்ல பாதம் 30 முதல் 40 பாகை. இரண்டு குதிகால்களுக்கும் இடையிலான தூரம் குழந்தையின் தோள் அகலத்துக்கு ஈடாக இருக்க வேண்டும்.

9. காலணி ஆண்டுகள்

முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். அதன்பின் இரவுத் தூக்கமும் பகல் தூக்கமும் சேர்த்து 12 முதல் 14 மணி நேரம், நான்கு அல்லது ஐந்து வயது வரை. பகலில் மற்ற நேரங்களில் சாதாரணக் காலணியோ வெறுங்காலோ போதும். நடப்பது ஓரிரு மாதம் தாமதமாகலாம். காலணி அதைக் கெடுப்பதில்லை.

மாட்டும் முறை: பருத்திக் காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுங்கள். எந்தப் பாதம் அதிகம் வளைந்திருந்ததோ அதை முதலில் நுழையுங்கள். முழங்காலை மடக்கி, குதிகாலைக் கீழே இருத்தி, நடுப்பட்டையை முதலில் இறுக்குங்கள். காலணியில் குதிகால் பார்க்கும் துளை இருந்தால் அதன் வழியே பாருங்கள். குதிகால் அடிப்பகுதியைத் தொட்டிருக்க வேண்டும். பிறகு முழங்காலுக்குக் கீழே பிடித்து மெல்ல இழுங்கள். விரல்கள் முன்னும் பின்னும் நகர்ந்தால் குதிகால் நழுவுகிறது, மீண்டும் இறுக்குங்கள். விரல்நுனி எங்கே நிற்கிறது என்று உள்தோலில் பேனாவால் கோடிட்டுக்கொண்டால் ஒவ்வொரு இரவும் ஒப்பிடலாம்.

முதல் மூன்று நான்கு இரவுகள் குழந்தை அழும். வலியால் அல்ல, ஒரு காலைத் தனியாக உதைக்க முடியாததால். இரண்டு முழங்கால்களையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டினால், இரண்டு கால்களையும் ஒன்றாக உதைக்க விரைவில் கற்றுக்கொள்கிறது. அழும்போது கழற்றினால், அழுதால் கழற்றுவார்கள் என்பதையும் அதே வேகத்தில் கற்றுக்கொள்கிறது. காலணியைக் கழற்றியதும் லேசாகச் சிவந்து மறையும் தோல் இயல்பு. அழுத்தமாகச் சிவந்து மறையாத இடமோ கொப்புளமோ, பெரும்பாலும் குதிகாலுக்குப் பின்னால், பட்டை தளர்ந்திருப்பதன் அடையாளம். தளர்த்துவது தீர்வல்ல, இறுக்குவதே தீர்வு. அதன்மேல் களிம்பு தடவினால் தோல் இன்னும் இளகிக் கெடும். குறுக்குப் பட்டையை மென்பஞ்சுத் துணியால் சுற்றிவிடுங்கள். தூக்குபவரின் கைக்கும் தொட்டிலுக்கும் அது நல்லது. விரல்கள் காலணியின் முன்விளிம்பைத் தாண்டி மடியத் தொடங்கினால் அடுத்த அளவுக்கான நேரம் வந்துவிட்டது.

குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, பாட்டி, காப்பகத்தார் எல்லோருக்கும் மாட்டும் முறையை நேரில் காட்டிப் பழக்குங்கள். "பாவம், ஒரு நாள் விடு" என்பது அன்பினால் வருகிறது. அந்த அன்புக்கு விளக்கம் தேவை.

10. திரும்பி வளைவதை முதலில் கண்டுபிடிப்பது நீங்கள்தான்

எங்கள் மகன் இரண்டு வயதில் ஓடிக்கொண்டிருந்தான். பாதங்கள் அழகாக இருந்தன. கோடைப் புழுக்கத்தில் தூங்காமல் தவித்தான் என்று சில இரவுகள் காலணியை விட்டோம். சில இரவுகள் சில மாதங்களாயின. ஒருநாள் குளித்துவிட்டு ஈரக்காலோடு அறைக்குள் ஓடியவனின் தடங்களைத் தரையில் பார்த்தேன். வலது தடத்தில் குதிகாலும் விரல்களும் முழுமையாக இருந்தன. இடது தடத்தில் குதிகாலே இல்லை. வெளிவிளிம்பின் ஒரு கோடும் விரல்களும் மட்டும். மறுவாரம் மருத்துவர் உறுதிசெய்தார். மூன்று மாவுக்கட்டு, பிறகு மீண்டும் இரவுக் காலணி. இரண்டரை வயதுப் பிள்ளைக்குக் கட்டுப் போடுவது பச்சிளம் குழந்தைக்குப் போடுவது போல எளிதல்ல. அவன் ஏன் என்று கேட்டான்.

மீண்டும் வளைவதற்கான மிகப் பெரிய காரணம் காலணியை விடுவதுதான். நன்றாகத் தெரியும் பாதம்தான் நம்மை ஏமாற்றுகிறது. ஆகவே மாதம் ஒருமுறை வீட்டிலேயே பாருங்கள்: ஈரத்தடத்தில் குதிகால் பதிகிறதா? குந்தி உட்காரும்போது இரண்டு குதிகால்களும் தரையில் படுகின்றனவா? பகல் காலணியின் வெளிவிளிம்பு மட்டும் தேய்கிறதா? நடக்கும்போது காலைத் தூக்கும் நொடியில் பாதம் உள்நோக்கிப் புரள்கிறதா? ஏதாவது ஒன்று மாறியிருந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் போய்விடுங்கள். தொடக்கத்திலேயே பிடித்தால் சில கட்டுகளில் சரியாகும். இரண்டரை, மூன்று வயதுக்குப் பிறகும் பாதம் உள்ளே புரண்டுகொண்டே இருந்தால், தசைநாண் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவையை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். அதுவும் மூட்டுகளைத் திறக்காத சிகிச்சைதான்.

ஒரு காலில் மட்டும் குறை இருந்த குழந்தைக்கு அந்தப் பாதம் சற்றுச் சிறியதாகவும் கெண்டைக்கால் சற்று மெலிந்தும் இருப்பது வழக்கம். அது திரும்பி வளைவதன் அறிகுறி அல்ல. அளவு வித்தியாசம் அதிகமாக இருந்தால் மட்டும் இரண்டு அளவுகளில் காலணி வாங்க வேண்டி வரும்.

மறுசந்திப்புகளைக் காலணி தொடங்கிய நாளிலேயே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்: இரண்டு வாரத்தில் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று, பிறகு மூன்று வயது வரை நான்கு மாதத்துக்கு ஒருமுறை, நான்கு வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதன்பின் வளர்ச்சி முடியும் வரை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை. உங்கள் மருத்துவர் வேறு இடைவெளி சொன்னால் அதையே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் மகனுக்கு அடுத்த சந்திப்பு வரும் ஆண்டில். கோப்பின் முதல் பக்கத்தில் அந்தத் தேதி எழுதியிருக்கிறது, அதன் கீழே அவனே தன் இரண்டு பாதங்களையும் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்திருக்கிறான்.